ஆளைப் பார்த்து நோய் தெரியாது

அன்புள்ள தம்பிகளுக்கு,

சென்னையிலோ கோவையிலோ அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போய்வரும் உங்களுக்கும், ஊரில் அப்பா அம்மாவோடு இருந்துகொண்டு செல்போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தே பழகிவிட்ட உங்களுக்கும், கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்துவிட்ட உங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் உங்களை கே என்பீர்கள், சிலர் கோத்தி என்பீர்கள், சிலருக்கு எந்தப் பெயரும் பொருந்தாது. ஆணோடு உறவுகொள்ளும் ஆண் யாராக இருந்தாலும் இது உங்களுக்கான மடல்.

நானும் உங்களில் ஒருவன். வயதில் மூத்தவன். பாலியல் நலம் பற்றி இளைஞர்களோடு பேசுவதே நெடுநாளாக என் வேலை. அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசப் போகிறேன்.

என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. "அண்ணா, பையன் நல்ல குடும்பம். ஐடியில இருக்கான், ஜிம்முக்கெல்லாம் போறான். பார்த்தா எதுவும் இருக்கிற மாதிரி தெரியல. காண்டம் போடாம பண்ணிட்டோம். பயப்படணுமா?" அவன் எந்த ஊர், என்ன படிப்பு, எவ்வளவு அன்பாகப் பேசினான் என்பதெல்லாம் அந்தக் கேள்வியில் இருக்கும். எந்த வழியில் உறவு நடந்தது, அவன் கடைசியாகப் பரிசோதனை செய்தது எப்போது, நீங்கள் செய்தது எப்போது என்பது மட்டும் இருக்காது. ஆளைப் பற்றிச் சொன்னதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, சொல்லாமல் விட்டதைத்தான் நான் திருப்பிக் கேட்பேன். ஆபத்து எவ்வளவு என்பது அதிலிருந்துதான் தெரியும்.

ஆண்களுக்கு இடையிலான உறவில் தொற்று அபாயம் கூடுதல் என்கிறார்கள். அது உண்மைதான். ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். பாவம், சாபம், ஒழுக்கக்கேடு என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஒரு நோய் வந்ததும் "எனக்கு இது வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டு வைத்தியம் பார்க்காமல் முடங்கிப்போன பையன்களை எனக்குத் தெரியும். அந்த எண்ணத்துக்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் கிடையாது. காரணம் உடலமைப்பில் இருக்கிறது. மலக்குடலின் உட்சுவர் ஒரே அடுக்குச் செல்லால் ஆனது. யோனியைப் போல அது ஈரம் சுரக்காது. உராய்வில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். எச்ஐவி தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும் வெள்ளை அணுக்கள் அந்தச் சுவருக்கு அடியிலேயே நிறைந்திருக்கின்றன. எச்ஐவி இருந்தும் சிகிச்சை எடுக்காத ஒருவரோடு ஆணுறை இல்லாமல் ஆசனவாய் வழி உறவு கொண்டால், பெறுபவருக்கு 10,000 முறையில் சுமார் 138 முறை தொற்று வரலாம் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. கொடுப்பவருக்கு அது சுமார் 11. யோனி வழி உறவில் பெண்ணுக்கு சுமார் 8. வாய்வழி உறவில் எச்ஐவி பரவுவது மிக மிக அரிது. ஆணும் பெண்ணும் ஆசனவாய் வழியில் உறவு கொண்டாலும் எண்கள் இவையேதான். ஆண் ஆணை விரும்புவதால் எந்தக் கிருமியும் பிறப்பதில்லை.

"நான் டாப், எனக்கு ஒண்ணும் வராது" என்று சொல்பவர்கள் அந்த 11 என்ற எண்ணை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அது எச்ஐவிக்கு மட்டுமான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். சிபிலிஸுக்கு டாப்பும் ஒன்றுதான், பாட்டமும் ஒன்றுதான்.

இன்னொரு காரணம் நம் வட்டம் சிறியது என்பது. 2021-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திய கண்காணிப்பில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே எச்ஐவி சுமார் 3.3 விழுக்காடு. நாட்டில் வயது வந்தோர் எல்லாரையும் சேர்த்தால் அது சுமார் 0.2 விழுக்காடுதான். ஒரே ஊரில் ஒரே செயலியில் உள்ள சில நூறு பேருக்குள்ளேயே பழக்கங்கள் சுற்றிச் சுற்றி வருவதால், ஒரே ஒருவரோடு பழகினாலும் அவருக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. எத்தனை பேரோடு பழகினாய் என்று எண்ணிக்கையை வைத்து உங்களை நீங்களே திட்டிக்கொள்வதால் பயன் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு முறை உறவுகொண்டு தொற்று பெற்றவரும் உண்டு. பலரோடு பழகியும், முறையாகப் பாதுகாத்துக்கொண்டதால் எந்தத் தொற்றும் இல்லாதவரும் உண்டு.

இனி, பலருக்கும் தெரியாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இந்த மடலில் எதைப் படிக்காமல் விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

பால்வினைத் தொற்று என்றதுமே எச்ஐவி மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதிகம் கண்ணில் படுபவை வேறு: வெட்டை நோய் எனப்படும் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், மரு, ஹெர்பிஸ். ஆணுறுப்பில் கொனோரியா வந்தால் சீழ் வடியும், சிறுநீர் கழிக்கும்போது எரியும், பயந்துபோய் உடனே மருத்துவரிடம் ஓடுவோம். அதே கிருமி தொண்டையில் தங்கினால் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இருக்காது. மலக்குடலில் தங்கினாலும் பலருக்கு எதுவும் தெரியாது; தெரிந்தால் லேசான அரிப்பு, கொஞ்சம் சளி போன்ற கசிவு, மலம் போகும்போது வலி, ஒரு துளி ரத்தம். வாய்வழி உறவு பாதுகாப்பானது என்று நாம் சொல்லிக்கொள்வது எச்ஐவியை மனதில் வைத்துத்தான். கொனோரியாவும் சிபிலிஸும் அந்த வழியில் தாராளமாகப் பரவும்.

சிறுநீரைச் சோதித்தால் சிறுநீர்க் குழாயில் உள்ள கிருமி மட்டும்தான் தெரியும். தொண்டையிலும் ஆசனவாயிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் அங்கே உள்ளது பிடிபடும். பெரிய நகரங்களின் ஆய்வகங்களில் இதற்கான பிசிஆர் சோதனை இருக்கிறது, ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும். எங்கே உறவு நடந்ததோ அங்கே சோதனை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மருத்துவமனைகளில் இது ஏன் நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உள்ளே போனதும் முதல் கேள்வி "கல்யாணம் ஆயிடுச்சா?" "இல்ல சார்" என்றதும் பால்வினைத் தொற்று என்ற பேச்சே அந்த அறையை விட்டுப் போய்விடும். ஆயிடுச்சு என்றாலோ, மனைவியைப் பற்றி மட்டும் கேள்வி வரும். நீங்களும் வாய் திறக்க மாட்டீர்கள். ஆசனவாயில் வந்த மருவை மூலம் என்று நினைத்து, ரயில் பெட்டியிலும் பேருந்து நிலையச் சுவரிலும் ஒட்டியிருக்கும் "மூலம், பவுத்திரம்" நோட்டீஸைப் பார்த்துப் போய்ப் பணத்தையும் உடம்பையும் கெடுத்துக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். லாட்ஜில் ரூம் போட்டு "இளமையில் செய்த தவறு"க்கு லேகியம் விற்பவர்களிடம் சிபிலிஸ் புண்ணைக் காட்டியவர்களும் உண்டு. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேவலமாகப் பார்க்காத இடம் எதுவோ அங்கே மனிதன் போகிறான். ஆனால் இப்போது போவதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன, கீழே சொல்கிறேன்.

மருத்துவரிடம் முழுக்கதையையும் சொல்ல வேண்டியதில்லை. "ஆணோட செக்ஸ் வச்சேன் டாக்டர், பின்வழியா, பெறுற இடத்துல இருந்தேன், காண்டம் போடல" என்றால் போதும். நல்ல மருத்துவர் அதற்கு மேல் உங்கள் வாழ்க்கையைக் கேட்க மாட்டார். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிட்டு வேறு மருத்துவரைத் தேடுங்கள். "இதை மாத்திடலாம், கவுன்சிலிங்குக்கு வாங்க" என்று யாராவது சொன்னால், அப்படிச் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இலேயே அறிவித்துவிட்டது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் இருந்துதான் அந்த அறிவிப்பு பிறந்தது.

சிபிலிஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் போல ஏமாற்றும் நோய் வேறில்லை. கிருமி உள்ளே போய்ச் சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். வலிக்காது. ஆணுறுப்பில் என்றால் கண்ணில் படும். ஆசனவாய்க்குள்ளோ தொண்டையிலோ வந்தால் தெரியவே தெரியாது. சில வாரங்களில் அதுவாகவே ஆறிவிடும். எதையாவது பூசியிருந்தால் அதனால்தான் ஆறியது என்று நினைத்துக்கொள்வோம். பிறகு உடம்பில் தடிப்புகள் வரும், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட. அரிப்பு பெரும்பாலும் இருக்காது. அலர்ஜி என்று நினைத்து ஒரு மாத்திரை போடுவோம், அதுவும் மறைந்துவிடும். கிருமி மட்டும் உள்ளேயே இருக்கும். எந்தக் கட்டத்திலும் அது கண்ணையோ காதையோ நரம்பையோ தாக்கலாம். பல வருடம் கழித்து இதயத்தையும் தாக்கலாம். இத்தனைக்கும், தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பென்சாதீன் பென்சிலின் ஊசி ஒரே வேளை, 24 லட்சம் யூனிட், அவ்வளவுதான். எப்போது வந்தது என்று தெரியாத பழைய தொற்று என்றால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். பென்சிலின் வந்த காலத்திலிருந்து இன்று வரை இந்தக் கிருமி அதற்கு எதிர்ப்பு காட்டவில்லை. விடிஆர்எல் என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது தெரியும், அரசு மருத்துவமனையில் காசு வாங்காமல் செய்வார்கள். தொற்று வந்த முதல் சில வாரங்களில் பரிசோதனை நெகட்டிவ் காட்டலாம் என்பதால், சந்தேகம் இருந்தால் திரும்பவும் எடுக்க வேண்டும். ஒரு தடவை குணமானால் மறுபடி வராது என்பதும் இல்லை.

கொனோரியாவின் நிலைமை வேறு. அது மருந்துகளை ஒவ்வொன்றாகத் தோற்கடித்துக்கொண்டே வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் "எரிச்சலா இருக்கு" என்று சொல்லி வாங்கும் சிப்ரோஃப்ளாக்சசின் இப்போது அதனிடம் பெரும்பாலும் எடுபடாது. அறிகுறி அடங்கும், கிருமி அடங்காது. பிறகு மற்றவருக்குக் கொடுப்போம், அதுவும் மருந்துக்கு மசியாத கிருமியாக. மருத்துவர் எழுதித் தராமல் எந்த ஆன்டிபயாடிக்கும் வாங்காதீர்கள். உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம் எடுத்தால் சிபிலிஸும் கிளமிடியாவும் வெகுவாகக் குறைவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2024-இல் அங்கே அதற்கு வழிகாட்டு நெறியும் வந்துவிட்டது. இணையத்தில் இதைப் படித்துவிட்டு நீங்களாகவே ஆரம்பிக்க வேண்டாம். அடிக்கடி தொற்று வருபவர்களுக்கு இது பொருந்துமா என்பதை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

ஆணுறை பற்றி உங்களுக்குத் தெரியாதது இல்லை என்று நினைக்கிறீர்கள். ஆனால் தேங்காய் எண்ணெயைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். நம் வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதுதான். லேடெக்ஸ் ஆணுறையில் எண்ணெய் பட்டால் சில நிமிடங்களிலேயே அந்த ரப்பர் வலுவிழந்துவிடும். வாசலின், பாடி லோஷன், பேபி ஆயில் எல்லாம் இதில் சேர்த்தி. "போட்டுட்டுத்தான் பண்ணினோம், கிழிஞ்சிடுச்சு" என்று வருபவர்களிடம் என்ன தடவினீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இவற்றில் ஒன்றாக இருக்கும். எச்சில் சீக்கிரம் காய்ந்துவிடும், போதாது. மருந்துக் கடையில் தண்ணீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் கேட்டு வாங்குங்கள். நம் சமூக அமைப்புகளிடம் போனால் ஆணுறையோடு சேர்த்து அதையும் இலவசமாகவே தருவார்கள். லூப் இல்லாத ஆணுறை பாதிப் பாதுகாப்புதான், ஏனென்றால் காய்ந்த உராய்வுதான் ஆணுறையையும் கிழிக்கிறது, உட்சுவரையும் கிழிக்கிறது. இரண்டு ஆணுறையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடுவதும் வேண்டாம். குடித்துவிட்டுப் போகும் இரவுகளில் நிதானம் இருக்காது, அதனால் பையில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

இருந்தும் ஆணுறையை ஒவ்வொரு முறையும் எல்லாராலும் போட முடிவதில்லை. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு விருப்பம் இல்லை. அதற்காகத்தான் பிரெப் என்ற மாத்திரை இருக்கிறது. டெனோஃபோவிர், எம்ட்ரிசிட்டபின் இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. எச்ஐவி இல்லாதவர் தினம் ஒன்று தவறாமல் எடுத்தால், உறவு வழியாக எச்ஐவி வருவதை 99 விழுக்காடு அளவுக்குத் தடுக்கும். இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. 2022-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் வழிகாட்டு நெறி வெளியிட்டிருக்கிறது. தினமும் வேண்டாம், எப்போதாவதுதான் உறவு என்பவர்களுக்கு வேறு முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரம் கழித்து ஒன்று, 48 மணி நேரத்தில் இன்னொன்று. கல்லீரலில் ஹெபடைடிஸ் பி இருப்பவர்களுக்கு இந்த இடைவிட்ட முறை கூடாது. ஆரம்பிக்கும் முன் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிறுநீரகம் மூன்றையும் சோதிக்க வேண்டும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எச்ஐவியையும் மற்றத் தொற்றுகளையும் பார்க்க வேண்டும். பிரெப் எச்ஐவியை மட்டும்தான் தடுக்கும். சிபிலிஸுக்கு அது ஒன்றும் செய்யாது.

எதுவும் இல்லாமல் உறவு நடந்துவிட்டதா, ஆணுறை கிழிந்துவிட்டதா? மறுநாள் காலை வரை கூகுளில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். பெப் என்ற அவசர மருந்து உண்டு, 28 நாள் எடுக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 73-ஆவது மணி நேரத்தில் போனால் மருந்து தர மாட்டார்கள், தந்தும் பயனில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலோ, எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்திலோ கேளுங்கள். அங்கே தயங்கினால் வாதாடிக்கொண்டு நிற்காமல் தனியார் தொற்றுநோய் மருத்துவரிடம் போங்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கு எதிரி நேரம்தான்.

தடுப்பூசிகளும் உண்டு. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நாடு முழுதும் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்தது 2011-இல்தான். அதற்கு முன் பிறந்த உங்களில் பலருக்கு அது போடப்பட்டிருக்காது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, விலையும் அதிகமில்லை. எச்பிவி தடுப்பூசி மருவையும் ஆசனவாய்ப் புற்றுநோயையும் தடுக்கும். அது பெண்களுக்கான ஊசி என்று நினைத்துவிட வேண்டாம். இளம் வயதில் போட்டால் பலன் அதிகம்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் இடத்துக்கு வருகிறேன்.

செயலியில் பார்த்த முன்பின் தெரியாதவரிடம் நாம் ஓரளவு கவனமாகத்தான் இருக்கிறோம். மூன்றாவது சந்திப்பில், நான்காவது சந்திப்பில் பாதுகாப்பு நழுவுகிறது. "இவன் என் ஆள்" என்றாகிவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்கிறான், ஊருக்குப் போனால் பஸ் ஏற்றிவிட வருகிறான். அவனிடம் போய் ஆணுறை எடுப்பது அவனைச் சந்தேகிப்பது போல இருக்கிறது. பிறந்ததிலிருந்து ஒளிந்து வாழ்ந்தவனுக்கு ஒருவன் கிடைத்துவிட்டால், அவனை முழுதாக நம்ப வேண்டும் என்ற தவிப்பு எவ்வளவு பெரிது என்பதை நான் அறிவேன். ஆனால் உங்கள் ஆளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். எச்ஐவி உள்ளே போன இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு வரும். வைரல் ஃபீவர் என்று நினைத்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் ரத்தத்தில் கிருமி உச்சத்தில் இருக்கும், மற்றவருக்குப் பரவ வாய்ப்பும் அதிகம். அப்போது எடுக்கும் விரைவுப் பரிசோதனை நெகட்டிவ் என்றே காட்டலாம். அவன் உங்களிடம் காட்டும் ரிப்போர்ட் பொய்யில்லை. அதற்குப் பிறகு நடந்ததும், அதற்குச் சற்று முன்பு நடந்ததும் அதில் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது இது: இருவரும் சேர்ந்து பரிசோதனைக்குப் போங்கள். மூன்று மாதம் ஆணுறையோடு இருங்கள். மறுபடி சேர்ந்து போங்கள். அதன் பிறகு ஆணுறை வேண்டாம் என்று முடிவு செய்வதென்றால், வெளியே ஏதாவது நடந்தால் மறைக்காமல் சொல்வது, சொன்னால் சண்டை போடாமல் மறுபடி பரிசோதனைக்குப் போவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பேசக் கூச்சமாக இருக்கும். உடம்பைக் கொடுத்தவனிடம் இதைப் பேச ஏன் கூசுகிறது என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

கல்யாணமானவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களைத் திட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எத்தனை கட்டாயத்தில் அந்தக் கல்யாணம் நடந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் மனைவிக்கு இதில் எதையும் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. அவர் கர்ப்பமாக இருக்கும்போது சிகிச்சை எடுக்காத சிபிலிஸ் அவருக்குப் போனால், குழந்தை இறந்தே பிறக்கலாம், குறைபாட்டோடும் பிறக்கலாம். வெளியே ஒவ்வொரு முறையும் ஆணுறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, எச்ஐவிக்கு பிரெப். உங்களுக்குத் தொற்று என்று தெரிந்தால் அவருக்கும் சிகிச்சை கிடைத்தாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் ஆலோசகரிடம் கேளுங்கள். அதற்கு வழி சொல்ல அவர்கள் பயிற்சி பெற்றவர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும். எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசம். பால்வினைத் தொற்றுகளுக்கு சுகவாழ்வு மையம். 1097 என்ற எண்ணை அழைத்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. 1998-இல் சென்னையில் தொடங்கிய சகோதரன் போன்ற நம்மவர்களின் அமைப்புகள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. உங்களோடு பரிசோதனைக்குத் துணைக்கு வருவதற்கும் ஆள் உண்டு. 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது. முடிவை வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ சொல்லக் கூடாது. எச்ஐவி இருப்பதற்காக வேலையை விட்டு நீக்கவும் கூடாது. அதே மாதம் 6-ஆம் தேதிதான் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவில் நம்மைக் குற்றவாளியாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது. மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் போலீஸ் வரும் என்று பயந்த காலத்தில் வாழ்ந்தவன் நான். உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை.

பரிசோதனை எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்று கேட்பீர்கள். ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பழகினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது.

கடைசியாக, எல்லாரும் கேட்கப் பயப்படும் கேள்வி. பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்?

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து அதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது மருந்து எதுவும் இல்லை. அதன் பிறகு வந்த வருடங்களில் என் வயதுக்காரர்களும் எனக்கு மூத்தவர்களும் எப்படிப் போனார்கள் என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக ஏஆர்டி மருந்து தரத் தொடங்கியபோது, முதல் எட்டு இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அதற்குள் போய்விட்டவர்கள் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருந்தால் இன்று நம்மோடு இருந்திருப்பார்கள்.

இன்று ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. எதிர்ப்புச் சக்தி குறையட்டும் என்று காத்திருக்க வைக்காமல், உறுதியானதும் மருந்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். சீக்கிரம் தொடங்கி விடாமல் எடுப்பவர் மற்றவர்களைப் போலவே நீண்ட ஆயுள் வாழலாம். ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவு வழியாக அவரிடமிருந்து யாருக்கும் எச்ஐவி பரவாது. இது ஆறுதலுக்காகச் சொல்வது கிடையாது. 2019-இல் வெளியான பார்ட்னர் 2 என்ற ஐரோப்பிய ஆய்வில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆணுறை இல்லாத உறவு 76,088 முறை. மருந்து எடுத்த துணையிடமிருந்து தொற்று வந்தது ஒருவருக்குக்கூட இல்லை. "பாசிட்டிவ்னா பிளாக் பண்ணிடுவேன்" என்று சுயவிவரத்தில் எழுதி வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தன் நிலையை அறிந்து ஒழுங்காக மருந்து எடுப்பவரைத்தான் நீங்கள் தள்ளி வைக்கிறீர்கள். பரிசோதனையே செய்யாத ஒருவரை "நெகட்டிவ்" என்று நம்பிச் சேர்த்துக்கொள்கிறீர்கள்.

முடிவு வந்த அன்றைக்குத் தனியாக இருக்காதீர்கள். யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு பஸ் ஏறவும் வேண்டாம், அன்றைக்கே எல்லாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஆலோசகரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஏஆர்டி மையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். நம்பிக்கையான ஒரே ஒருவருக்கு மட்டும் போன் போடுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் 1097-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் மாவட்டத்தில் உள்ள எச்ஐவியோடு வாழ்வோர் சங்கத்துக்குப் போங்கள். பத்து, பதினைந்து வருடமாக அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், சண்டை போட்டு, காதலித்து வாழ்ந்துகொண்டிருப்பவர்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள், முதல் மாதம் எப்படிப் போனது என்று.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
சென்னை